ஒரே பெட்டி ஹைஃபை: புதிதாக வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்ப்ளிஃபையர், டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் டிஏசி, நெட்டில் இருந்து பாட்டை இழுக்கும் ஸ்ட்ரீமர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. இரண்டு ஸ்பீக்கரை மாட்டிவிட்டு போனைக் கையில் எடுத்தால் பாட்டு ஓடும். லின் கம்பெனி 2007-இல் டிஸ்க்கே இல்லாத நெட்வொர்க் ப்ளேயரைக் கொண்டுவந்தபோதும், நெய்ம் 2009-இல் அதோடு ஆம்ப்பையும் சேர்த்து ஒரே பெட்டியாக்கியபோதும் இதெல்லாம் பெரும் பணக்காரர்களின் சமாச்சாரமாக இருந்தது. 2023-இல் வீம் ஆம்ப் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. இப்போது எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

நல்ல விஷயம்தான். அலமாரி நிறைய பெட்டியும் ஒயரும் வைத்துப் பாட்டுக் கேட்ட காலத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் வீடுகளில் சிஸ்டம் அமைத்துக் கொடுக்கப் போகும்போது, அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்கள் புதுச் சாதனத்தை வைத்துச் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அட்டையில் ‘பிஎம்பிஓ’ என்று ஊதிப்பெருக்கிப் போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள், ஆம்ப்பின் மேல் துணி விரித்து மூடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவது

என்னால் இன்னமும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

நம் பக்கத்தில் மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி என்று எந்த ஊருக்குப் போனாலும் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இருப்பார்கள். எண்பதுகளில் அவர்கள் சுமந்துகொண்டு வந்த, ஆம்ப்பும் ரேடியோவும் சேர்ந்த ஜப்பான் ரிசீவர்களும் மூன்று வழி ஸ்பீக்கர்களும் பல வீடுகளில் இன்றும் மச்சில் கிடக்கின்றன. கனமான டிரான்ஸ்ஃபார்மர், கெட்டியான மரப்பெட்டி. அந்தத் தரத்தில் இன்று புதிதாக வாங்க வேண்டுமென்றால் பெரிய தொகை ஆகும்.

மேலப்பாளையத்தில் ஒரு தம்பி, அவர் அப்பா குவைத்தில் இருந்து கொண்டுவந்த அப்படி ஒரு செட்டை இரண்டாயிரம் ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, மேசை மேல் வைக்கிற மாதிரி ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும் ஒரு பெட்டியை வாங்கினார். “பழசுல ஒரு பக்கம் கேக்கவே இல்ல அண்ணாச்சி. வால்யூமத் திருகினா கரகரன்னு ஒரே சத்தம். சவத்தத் தள்ளிவிட்டுட்டேன்” என்றார். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பக்கம் கேட்காததும், திருகினால் கரகரப்பதும் பெரும்பாலும் வால்யூம் கன்ட்ரோலிலும் சுவிட்சுகளிலும் படிந்த தூசி, களிம்பு. சில நூறு ரூபாய் கான்டாக்ட் கிளீனரை அடித்துப் பத்துத் தடவை திருகினால் சரியாகிவிடும். அது போதவில்லை என்றால் உள்ளே சில பாகங்கள் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். சில வருடங்களில் அந்தப் புதுப் பெட்டியின் ஆப்பைக் கம்பெனி புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது. அவர் போன் மாற்றினார், புது போனில் ஆப் ஏறவில்லை. பெட்டியின் பின்னால் வேறு எதையும் சொருகுவதற்கு ஒரு ஓட்டைகூடக் கிடையாது. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ஆம்ப் நன்றாக இருக்கிறது, ஆனால் வெறும் ப்ளூடூத் பெட்டியாக அது உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையர் என்பது வெறும் மின்சுற்று. இருபது முப்பது வருடத்தில் அதில் கெபாசிட்டர் காயும், மாற்றலாம். ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடியும், அதையும் மாற்றி ஒட்டலாம். ரப்பரோ துணியோ ஆக இருந்தால் அதற்கும் மேலே ஓடும். ஸ்ட்ரீமர் அப்படி இல்லை, அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பாட்டுக் கம்பெனியின் சர்வர், செயலியின் பதிப்பு, பாதுகாப்புச் சான்றிதழ் என்று வெளியில் இருக்கும் பத்து விஷயங்கள் ஒத்துழைத்தால்தான் அது பாடும். ஒன்று மாறினாலும் பெட்டி ஊமை.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கில்லை. லாஜிடெக் 2012-இல் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமர் வரிசையை நிறுத்தியது. ஆர்வலர்கள் தாங்களே சர்வர் மென்பொருளை வளர்த்துக் காப்பாற்றி வருவதால்தான் அவை இன்றும் ஓடுகின்றன. சோனோஸ் 2020-இல் தன் பழைய கருவிகளுக்குப் புது அப்டேட் கிடையாது என்று அறிவித்து, வாடிக்கையாளர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. கூகுள் 2019-இல் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்ன ஸ்ட்ரீமரை நிறுத்தியது. 2025 மார்ச்சில் அதற்குள் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானதும், உலகம் முழுக்க நல்ல நிலையில் இருந்த கருவிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போயின. சில நாள் கழித்துக் கூகுளே சரிசெய்தது. செய்யாமல் விட்டிருந்தால் வாங்கியவர் என்ன செய்திருக்க முடியும்?

ஆகவே சீக்கிரம் பழசாகிறதையும் நெடுநாள் நிற்கிறதையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கட்டிப்போடாதீர்கள். வீட்டில் நல்ல ஆம்ப்பும் ஸ்பீக்கரும் இருந்தால் உங்களுக்கு முழுப் பெட்டி தேவையே இல்லை. கைக்குள் அடங்கும் ஒரு தனி ஸ்ட்ரீமரை வாங்கி, பழைய ரிசீவரின் ஆக்ஸ், சிடி, டேப் என்று எழுதியிருக்கும் ஏதாவது ஒரு உள்ளீட்டில் சொருகுங்கள். ‘ஃபோனோ’ என்று எழுதியதில் மட்டும் சொருகாதீர்கள். அது இசைத்தட்டுக்கானது, சத்தம் சிதறிக் காதைக் கிழிக்கும். சாலிடரிங் பழக்கம் உள்ளவர் என்றால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகையும் அதன் மேல் ஒரு டிஏசி பலகையும் வைத்து, வோலுமியோ, மூட் போன்ற பாட்டு மென்பொருள் ஒன்றை ஏற்றி நீங்களே செய்துகொள்ளலாம். பத்து வருடம் கழித்து ஸ்ட்ரீமர் செத்தால் அந்தச் சின்னப் பெட்டி மட்டும்தான் நஷ்டம்.

இன்னொன்று. பழைய ரிசீவரில் ரேடியோ ட்யூனர் இருக்கும். புதுப் பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. 1963-இல் இருந்து ஒலிக்கும் திருநெல்வேலி வானொலியைக் காலையில் கேட்டே பழகிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், புதுப் பெட்டி வந்த மறுநாளே “ரேடியோ எங்கடே?” என்று கேட்பார்கள்.

வீட்டில் பழசு எதுவுமே இல்லை, புதிதாக ஒரே பெட்டிதான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடையில் முன்பக்கத்துத் திரையைப் பார்த்து மயங்காமல் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பீக்கர் தனியாக மாட்டும் முனைகள், ஆக்ஸ் போன்ற ஒரு அனலாக் உள்ளீடு, ஒரு ஆப்டிகல் உள்ளீடு, டிவியின் சத்தம் உள்ளே வர எச்டிஎம்ஐ ஏஆர்சி, சப்வூஃபருக்கு ஒரு வெளியீடு, லேன் கேபிள் சொருகும் துளை. இத்தனையும் இருந்தால், உள்ளே இருக்கும் ஸ்ட்ரீமர் ஒரு நாள் நின்றுபோனாலும் வெளியில் இருந்து வேறொன்றைச் சொருகி அந்தப் பெட்டியை நல்ல ஆம்ப்பாக வைத்துக்கொள்ளலாம். அனலாக் உள்ளீடே இல்லாத பெட்டியை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எல்லாம் வாங்கிவிட்டு ப்ளூடூத்தில் ஓட்டுவது

பெருமாள்புரத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டில், லட்ச ரூபாய்க்கு மேல் போட்டு வாங்கிய பெட்டி வெறும் ப்ளூடூத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போன் வந்தால் பாட்டு நிற்கிறது, அடுக்களைக்குப் போனை எடுத்துப் போனால் விட்டுவிட்டுக் கேட்கிறது என்றார். “சார், இது இப்படி ஓட்டுறதுக்கு இல்லையே” என்று சொல்லி, போனில் இருந்த பாட்டு ஆப்பிலேயே பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் போனை அணைத்தே வைத்தாலும் பாட்டு ஓடியது.

ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் போன்ற முறைகளில் போன் வெறும் ரிமோட்தான். பாட்டைப் பெட்டியே நேராக நெட்டில் இருந்து எடுத்துக்கொள்ளும். ப்ளூடூத்தில் போனே பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது. சிடி தரத்துக்கு வினாடிக்கு 1411 கிலோபிட் வேண்டும். எஸ்பிசி என்ற முறையில் சுருக்கும் சாதாரண ப்ளூடூத்தில் போவது ஏறக்குறைய 330. இந்தப் பெட்டிகளுக்கு நாம் கொடுக்கும் விலை அந்த ஸ்ட்ரீமருக்கும் சேர்த்துத்தான், அதைப் பயன்படுத்துங்கள்.

நாம் கேட்கும் ஆப் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது

அட்டையில் டைடல், கோபஸ் என்று வெளிநாட்டுப் பாட்டுச் சேவைகளின் பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நான் இதை எழுதும்வரை இரண்டும் இந்தியாவில் முறையாக வரவில்லை. நாம் தமிழ்ப் பாட்டு கேட்பது எதில்? யூடியூப் மியூசிக், ஜியோசாவன், ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக். ஸ்பாட்டிஃபை பெரும்பாலும் எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும். மற்றவை பல பெட்டிகளில் நேரடியாக இருக்காது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் கூகுள் காஸ்ட் இருக்கிறதா என்றும், ஐபோன் வைத்திருப்பவர் ஏர்ப்ளே இருக்கிறதா என்றும் கடையிலேயே தன் போனை வைத்துப் பாடவிட்டுப் பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் ஒன்று இருக்கும், மற்றொன்று இருக்காது. கணவரிடம் ஆண்ட்ராய்டு, மனைவியிடம் ஐபோன் என்றால் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வைஃபையை நம்புவது

டவுனில் ரத வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் நீளமானவை, சுவர்கள் தடிமனானவை. வாசல் பக்கத்துத் தார்சாவில் ரவுட்டர் இருக்கும், உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் சிஸ்டம் இருக்கும். பாட்டு விட்டுவிட்டு வந்தால் உடனே நெட் பிளானை உயர்த்துகிறார்கள். சிடி தரத்துக்கு ஒன்றரை எம்பிபிஎஸ் போதும். மிக உயர்ந்த 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கே 10 எம்பிபிஎஸ் தாண்டாது. பிளானில் குறை இல்லை, சுவர்தான் தடை. ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுங்கள்.

பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டுவது

சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள ஹாலில் எதிரொலிக்கும் என்று யாரோ சொல்ல, அழகான கோரைப்பாய்களை வாங்கிச் சுவர் முழுக்க மாட்டியிருந்த ஒரு வீட்டைச் சேரன்மகாதேவியில் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது. மெல்லிய பாய் உச்சஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் குடிக்கும். கீழ்ஸ்தாயியைத் தொடக்கூட முடியாது. அதனால் தவிலின் தொப்பி கும்மென்று அப்படியே நிற்க, நாதஸ்வரத்தின் பிரகாசம் மட்டும் மங்கிப்போயிருந்தது. கனமான திரை, புத்தகம் நிறைந்த அலமாரி, இலவம்பஞ்சு மெத்தை போன்ற தடிமனான பொருள்கள்தான் உதவும். அதற்கும் முன்னால், டிவி ஷோகேஸுக்குள் திணித்து வைத்திருக்கும் ஸ்பீக்கரை வெளியே எடுத்துச் சுவரில் இருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். கும்மென்பதில் பாதி அங்கேயே போய்விடும். போன் மைக்கை வைத்து அறையை அளந்து சரிசெய்யும் வசதி இப்போது பல பெட்டிகளில் இருக்கிறது. அது பாஸ் என்கிற கீழ்ஸ்தாயி ஒலியின் மேட்டைத் தட்டிச் சமன்செய்யும், எதிரொலியைப் போக்காது.

சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றி மாட்டுவது

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால் பாஸ் காணாமல் போகும், பாட்டு அறையெங்கும் அலைவது போலிருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு. காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய நாதஸ்வரப் பதிவு ஏதாவது ஒன்றைப் போட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவே உட்காருங்கள். அவர் எதிரே, நடுவில் நின்று வாசிக்க வேண்டும்.

தரையில் வைப்பது

2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐப்பசி இடிக்குக் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்குவது

இடி லேன் கேபிள் வழியாகவும் உள்ளே வரும், அதையும் பிடுங்குங்கள்.

அட்டைப்பெட்டியை எடைக்குப் போடுவது

இந்த வகைப் பெட்டிகளை நம் ஊர் டிவி மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாது. நுணுக்கமான போர்டு, சர்க்யூட் படமும் வெளியில் கிடைக்காது. பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். சென்னையே 600 கிலோமீட்டருக்கு மேல். பழைய துணியைச் சுற்றிப் பார்சலில் போட்டு, போகும் வழியிலேயே மூலை உடைந்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி உடைந்தால் வாரண்டியும் பேச்சுக்கு வராது. உள்ளே இருந்த தெர்மாகோலோடு அட்டைப்பெட்டியைக் குறைந்தது வாரண்டி முடியும்வரை மச்சில் போட்டு வையுங்கள். பில்லையும் அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள்.