மாநிலம் மாறும்போது துப்பாக்கி பெர்மிட்: வெளிமாநிலத்தவர் விண்ணப்பம், படிப்படியாக

அமெரிக்காவில் டெக்சஸ் டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் ஐம்பது மாநிலத்திலும் கார் ஓட்டலாம். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் கன்சீல்டு கேரி பெர்மிட் அப்படியல்ல. எந்த மாநிலத்து அட்டையை ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானிக்கிறது. கொலராடோ, மிச்சிகன் போன்றவை இன்னும் ஒரு படி மேலே போய், அட்டை கொடுத்த மாநிலத்தில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்களா என்றும் பார்க்கின்றன. டெக்சஸ்காரராக டென்வருக்குச் சுற்றுலா போனபோது செல்லுபடியான அட்டையை, கொலராடோவில் குடியேறி அந்த மாநில அடையாள அட்டை வாங்கி 90 நாள் ஆன பிறகு நம்பியிருக்க முடியாது. யூட்டா தன் மாநிலத்தில் வசிக்காதவருக்கும் கொடுக்கும் வெளிமாநிலத்தவர் பெர்மிட்டும் அதன் பிறகு அங்கே உதவாது. அதனால் லாரிக்குச் சொல்லும் முன்பே பெர்மிட் வேலையைத் தொடங்குங்கள்.

முதல் படி: உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

நம்மவர்கள் பலரும் தடுக்கி விழக்கூடிய இடம் இது. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. ஒரே வீட்டில் கணவர் கிரீன் கார்டிலும் மனைவி எச்-4 விசாவிலும் இருந்தால், துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவியோ எண்ணோ மனைவியிடம் இருக்கக் கூடாது. கையில் தொடாவிட்டாலும், எடுக்க முடிகிற நிலையில் இருப்பதையே வைத்திருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளலாம். குடும்ப வன்முறை வழக்கில் சிறு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கும் தடை உண்டு.

இரண்டாம் படி: பெர்மிட் தேவையா, தேவையென்றால் எது?

பெர்மிட் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் 2024இல் லூசியானா சேர்ந்தபோது 29 ஆயின. அங்கே போகிறவருக்கும் பெர்மிட் எடுத்துக்கொள்ளவே சொல்வோம். காரணம் பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட் இருந்தால் விலக்கு உண்டு. நகரத்துக்குள் எந்தத் தெருவில் போனாலும் ஒரு பள்ளியின் எல்லை குறுக்கிடும்.

கலிபோர்னியா, ஒரேகான், இல்லினாய், நியூயார்க், நியூஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ் ஆகியவை பிற மாநிலப் பெர்மிட்டை ஏற்பதில்லை. அங்கே போகிறவர் யூட்டா அட்டைக்குச் செலவு செய்வது வீண்.

மற்ற இடங்களுக்கு அதிகம் பேர் எடுப்பது யூட்டா, அரிசோனா இரண்டும்தான். இரண்டுக்கும் ஆயுள் 5 ஆண்டு. அரிசோனாவுக்குக் கட்டணம் 60 டாலர். ஆனால் அங்கே வசிக்காதவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், கிரீன் கார்டு போதாது. யூட்டாவில் வேறொரு நிபந்தனை: நீங்கள் வசிக்கும் மாநிலம் யூட்டா பெர்மிட்டை ஏற்கும் மாநிலமாக இருந்தால், முதலில் உங்கள் மாநிலப் பெர்மிட்டை எடுத்து அதன் நகலை இணைக்க வேண்டும். பலருடைய விண்ணப்பம் திரும்பி வருவது இந்த நகல் இல்லாததால்தான். போகப்போகும் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அல்லது மாநிலப் போலீஸ் பக்கத்தில் ஏற்புப் பட்டியலைப் பாருங்கள். மாநிலத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் ‘வசிப்பவருக்கு மட்டும்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் படி: வகுப்பு

யூட்டாவுக்கு யூட்டா அங்கீகரித்த பயிற்றுநரிடம்தான் படிக்க வேண்டும். அவர் வேறு மாநிலத்தில் நடத்தினாலும் பரவாயில்லை. சான்றிதழ் ஓராண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. 21 வயது நிறைந்தவருக்குச் சுடும் தேர்வு கட்டாயமில்லை. ஆனாலும் உறையிலிருந்து எடுப்பதையும் திரும்ப வைப்பதையும் ஒரு நல்ல பயிற்றுநர் முன்னால் பழகாமல், இடுப்பில் துப்பாக்கியோடு வெளியே போகாதீர்கள்.

நான்காம் படி: கைரேகை

எஃப்டி-258 என்ற அட்டை. யூட்டாவுக்கு ஒன்று, அரிசோனாவுக்கு இரண்டு. பெயரையும் பிறந்த தேதியையும் வீட்டிலேயே நிரப்புங்கள். கையெழுத்தை மட்டும் ரேகை எடுப்பவர் முன்னால் போடுங்கள். விரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்ட வேண்டும். கட்டைவிரலை உடம்பை நோக்கியும், மற்ற நான்கையும் உடம்பிலிருந்து விலக்கியும் உருட்டினால் கை முறுக்கிக்கொள்ளாது. கையைத் தளர்த்தி அவரிடம் விட்டுவிடுங்கள். நீங்களாக அழுத்தினால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் கைகளில் வரிகள் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்டவர் சில நாள் முன்பிருந்தே இரவில் லோஷன் தடவி வந்து, எடுக்கும் நாளில் மட்டும் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு போகலாம். அட்டையை மடிக்காமல் பெரிய உறையில் வைத்து அனுப்புங்கள்.

விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட் அளவு புகைப்படம், டிரைவிங் லைசென்ஸ் நகல், சான்றிதழ், கட்டணம். பின்னணியில் தடை ஏதும் இல்லையென்றால் யூட்டாவுக்குச் சட்டம் தரும் கெடு 60 நாள். அதனால் குடிபோகும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். பாதியில் முகவரி மாறினால் அட்டை பழைய வீட்டுக்குப் போய்விடும்.

ஐந்தாம் படி: பயணம்

வழியில் உள்ள மாநிலம் உங்கள் பெர்மிட்டை ஏற்காவிட்டால், 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. அதற்குத் துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. துப்பாக்கியும் குண்டுகளும் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டக் கூடாது. டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும். டேஷ்போர்டு அறையும் நடு கன்சோலும் அதற்கு ஆகாது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் அதைச் சட்டப்படி எடுத்துச் செல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

இதை அதிகம் நம்பிவிடாதீர்கள். 2005இல் யூட்டாவைச் சேர்ந்த பயணி ஒருவர் நியூஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியோடு ஹோட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் தானாகவே துப்பாக்கியைத் தெரிவித்தார்; கைதானார். ஹோட்டலில் அது அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூஜெர்சி, நியூயார்க் வழியாகப் போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

போலீஸ் நிறுத்தினால், மிச்சிகன், அலாஸ்கா போன்ற இடங்களில் இடுப்பில் துப்பாக்கி இருப்பதை அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

ஆறாம் படி: போய்ச் சேர்ந்த பின்

வெளிமாநிலத்தவர் பெர்மிட் இடைக்காலத்துக்கு மட்டும்தான். புதிய மாநில டிரைவிங் லைசென்ஸ் கைக்கு வந்த அதே வாரத்தில் அந்த மாநிலப் பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். கொலராடோவில் இதை உங்கள் கவுண்டியின் ஷெரிஃப் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அங்கே 8 மணி நேர வகுப்பு, சுடும் தேர்வு, எழுத்துத் தேர்வு மூன்றும் கட்டாயம். வகுப்பில் இடம் பிடிக்கவே நாளாகும். 15 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசினை அங்கே கொண்டுபோகாதீர்கள். கலிபோர்னியாவுக்குக் குடிபோனவர் கொண்டுவந்த துப்பாக்கிகளை 60 நாளுக்குள் மாநில நீதித்துறைக்கு அறிவிக்க வேண்டும். டெக்சஸ் துப்பாக்கி லைசென்ஸைத் தொடர்ந்து வைத்திருப்பவர், முகவரி மாறிய 30 நாளுக்குள் அங்குள்ள பொதுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும்.