நீரிழிவு ஆய்வில் எலிகளோடு தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி, குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனையின் (குளுக்கோஸ் கொடுத்த பிறகு இரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது) வரைபடத்தை மகிழ்ச்சியோடு கொண்டுவந்து காட்டினார். ஒரு மரபணுவை நீக்கிய எலிகளின் கோடு தாழ்ந்தும், அவற்றோடு ஒப்பிட வைத்திருந்த, மரபணு நீக்காத ஒப்பீட்டு எலிகளின் கோடு உயர்ந்தும் இருந்தன. ஒப்பீட்டு எலிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். “வெளியில் வாங்கியவைதான், சார்” என்றார். நான் மாணவனாக இருந்தபோது சொன்ன பதிலும் இதுவே. இப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். பைப்பெட் பிடிப்பதையும் லேபிள் ஒட்டுவதையும் இரண்டு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒப்பீட்டு எலிகளைத் தனியாக வாங்குவது

ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் எலி வகையான சி57பிஎல்/6 என்ற பெயரில் பல கிளைகள் உண்டு. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் பேணப்படுவது 6ஜே. அங்கிருந்து 1951இல் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனத்துக்குச் சென்ற எலிகளின் வழிவந்தது 6என். பிரிந்த பிறகு, 6ஜே கிளையில் என்என்டி என்ற மரபணுவின் ஒரு பகுதி இல்லாமல் போனது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருந்து ஆக்சிஜனேற்றச் சேதத்தைச் சமாளிக்க உதவும் புரதத்தை உருவாக்குவது அந்த மரபணுதான். 6ஜே எலிகளின் கணையம் குளுக்கோஸைக் கண்டும் குறைவாகவே இன்சுலின் சுரப்பதை, 2005, 2006 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இந்த இழப்போடு தொடர்புபடுத்தின.

என்னுடைய மரபணு நீக்க எலிகள் 6என் கிளையின் கருத்தண்டுச் செல்களிலிருந்து (கருவிலிருந்து எடுக்கும் மூலச் செல்கள்) உருவானவை. ஒப்பிடுவதற்கு நான் வாங்கியவையோ 6ஜே. வால் நுனியைக் கீறி, 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் ஒவ்வொரு துளி இரத்தமாக எடுத்து, இரண்டு ஆண்டுகள் அளந்தேன். நான் நீக்கிய மரபணுவே நீரிழிவுக்குக் காரணம் என்று கட்டுரையும் எழுதினேன். மதிப்பாய்வாளர் ஒருவர் எலியின் பெயரில் கடைசி எழுத்து என்ன என்று ஒரே வரியில் கேட்டார். டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை செய்து பார்த்தபோது என்என்டி ஒரு குழுவில் முழுமையாக இருந்தது, மற்றதில் இல்லை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்ததும் வித்தியாசம் முற்றிலும் மறைந்துவிட்டது. அத்தனை எலிகளின் உயிரும் வீணானதே இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் நீங்கிய எலிகளை இணைசேர்த்து, அவற்றின் குட்டிகளுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். இரு கிளைகளும் கலந்துவிட்டால் ஒவ்வொரு குட்டிக்கும் என்என்டியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். நீங்கள் நீக்கிய மரபணு எலியின் 13ஆம் குரோமோசோமில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. என்என்டியும் அங்கேதான் இருக்கிறது, அருகருகே இருப்பவை சேர்ந்தே கடத்தப்படும்.

இரவு முழுவதும் பட்டினி போடுவது

எலி இரவில் உண்ணும் விலங்கு. மனிதருக்கு ஓர் இரவுப் பட்டினி இயல்பானது. எலிக்கோ அது கல்லீரலில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜனைக் கரைத்து உடல் எடையையும் கணிசமாகக் குறைக்கிறது. காலையில் தொடங்கி ஐந்தாறு மணி நேரம் போதும்.

அறை வெப்பநிலையைக் குறிக்காமல் விடுவது

நமக்கு இதமான 22 டிகிரி எலிக்குக் குளிர். உடலைச் சூடாக வைத்துக்கொள்ளவே அது ஆற்றலைச் செலவிடுகிறது. 30 டிகிரியில் அதே எலியின் ஆற்றல் கணக்கு மாறிவிடும்.

எது எந்தக் குழு என்று தெரிந்துகொண்டே அளப்பது

கூடாது. கூண்டு எண்களை வேறொருவர் மறைத்துத் தரட்டும்.