முகட்டில் 2.6 அங்குல இடைவெளி: மூன்று நாள் தேடியது

ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கு மங்களூர் ஓட்டுக் கூரை. மழை அதிகம், அதனால் சரிவு 30 டிகிரி. கணினியில் வரைந்தபோது இரண்டு சரிவுகளும் முகட்டில் சேரவில்லை. ஒரு பக்கம் உயர்ந்து நின்றது. அந்தப் பக்கக் கைமரங்கள் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்கள்) முகட்டு உத்திரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

சரிவை மீண்டும் கொடுத்தேன். கூரையை அழித்து இரண்டு முறை புதிதாகப் போட்டேன். மென்பொருளையே நீக்கி நிறுவினேன். மாற்றமில்லை.

அப்புறம்தான் இடைவெளியை அளந்தேன்: ஒவ்வொரு முறையும் சரியாக 2.6 அங்குலம். 30 டிகிரியில் ஓர் அங்குலம் உள்ளே போனால் 0.577 அங்குலம் ஏறும். 2.6-ஐ அதால் வகுத்தால் 4.5. எங்கள் செங்கல் சுவர் 9 அங்குலம், அதில் சரிபாதி!

ஒரு சரிவு சுவரின் வெளிவிளிம்பிலிருந்தும், மற்றது சுவரின் நடுக்கோட்டிலிருந்தும் கிளம்பியிருந்தது. திண்ணைப் பக்கச் சுவரை மட்டும் நடுக்கோட்டை வைத்து வரைந்திருந்தேன். திரையில் இரண்டு சுவர்களும் ஒன்றுபோலவே தெரியும். சுவரைத் தேர்ந்தெடுத்தால்தான் அது வெளிவிளிம்பை வைத்து வரைந்ததா, நடுக்கோட்டை வைத்து வரைந்ததா என்று காட்டும்.

அதை வெளிவிளிம்புக்கு மாற்றி, கூரையையும் கைமரங்களையும் மறுபடி உருவாக்கினேன். முகடு ஒட்டிக்கொண்டது. நிம்மதி. ஆசாரிக்கு மர அளவுப் பட்டியல் அன்றே போய்விட்டது.