சிங்கப்பூர் அராப் ஸ்திரீட்டில் அத்தர் வாங்கப் போகிறீர்களா?

பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி சுல்தான் பள்ளிவாசல் பக்கம் நடங்கள். 1933இல் தொடங்கிய ஜமால் கசூரா போன்ற பழைய அத்தர் கடைகள் இந்த வட்டாரத்தில்தான். வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் வேண்டாம்.

கடைக்குப் போகும் நாளில் சென்ட் போடாமல் போங்கள். முதலில் காகிதக் குச்சியில் முகர்ந்து, பிடித்ததை மட்டும் மணிக்கட்டில் ஒரு சொட்டு; ஒரு கைக்கு ஒன்றுதான். நாலைந்து தாண்டினால் மூக்கு மரத்துவிடும். காப்பிக்கொட்டையை முகர்வதைவிட வெளியே போய் நிற்பது மேல்.

அகில் எண்ணெயைக் கடைக்காரர் ‘ஊத்’ என்பார். சில வகை முதலில் மாட்டுத்தொழுவம் போலவே அடிக்கும். அரை மணி பொறுங்கள், மரவாசனை இனிப்பாக எழும்பும். ஆல்கஹால் கலக்காத எண்ணெய் என்பதால் 3 மில்லியே நெடுநாள் வரும். வெள்ளைச் சட்டையில் பட்டால் கறைதான். விமானத்தில் கைப்பைக்கு 100 மில்லி வரைதான், மூடியை டேப்பால் சுற்றிக்கொள்ளுங்கள்.