திறமூல மென்பொருளுக்குப் புரவலர் படிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு நன்கொடை திரட்டுவது புதிதன்று. அம்மன் கோயில் கொடையானாலும் கடற்கரை ஊரின் பங்குத் திருவிழாவானாலும், நோட்டீசை விரித்தால் பந்தல் யாருடையது, மேளம் யாருடையது, இன்ன நாளின் செலவை ஏற்கும் குடும்பம் எது என்பதெல்லாம் அச்சிலேயே இருக்கும். இவ்வளவு பழக்கம் இருந்தும், பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றும் எங்கள் சிறு திறமூல (மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய) நிரலுக்கு மாத உதவி கேட்க முனைந்தபோது, நானும் இரு நண்பர்களும் வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று புரவலர் படிகளை, அதாவது தரும் தொகைக்கேற்ற நிலைகளை, எழுதி வைத்தோம். தங்கப் படியின் பணம் எந்தச் செலவைத் தாங்குகிறது என்று ஓர் அச்சக உரிமையாளர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. உலோகப் பெயர்கள் வரிசையைக் காட்டுமே தவிர, செலவைக் காட்டுவதில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய தவறு, எங்கள் நேரத்தையே கைம்மாறாக எழுதியதுதான். மாதம் ₹500 தருவோருக்கு அரை மணி நேரம் காணொளியில் உதவுவோம் என்று அறிவித்திருந்தோம். நால்வர் சேர்ந்தபோது அது மகிழ்ச்சியாகவே இருந்தது. பன்னிருவர் ஆனதும் மாதத்துக்கு ஆறு மணி நேரம் அதிலேயே போயிற்று. அதற்கு முன்னும் பின்னும் நேரம் குறிப்பதற்கும், வராதவர்களுக்கு மறுநாள் ஒதுக்குவதற்கும் செலவான பொழுது கணக்கில் இல்லை. கிடைத்த ₹6,000-க்காக, பகல் வேலை முடிந்த பின் நிரல் எழுத மிஞ்சியிருந்த மாலைகளை விற்றுவிட்டோம் என்பது, இரண்டு மாதங்களாகப் பிழைத்திருத்தம் எதுவும் வெளிவராமல் நின்ற பிறகே புரிந்தது. ஆட்கள் கூடக் கூட உழைப்பும் அதே விகிதத்தில் கூடும் எந்தக் கைம்மாறும் இப்படித்தான் முடியும். சட்டையும் ஒட்டுவில்லையும் அனுப்புவதாகச் சொல்வதும் இதே வகைதான். கூரியர் கட்டணமே சிறிய படியின் பாதியைத் தின்றுவிடும். நன்றிப் பட்டியலில் பெயர், வெளியீட்டுக் குறிப்பு முன்கூட்டியே கிடைப்பது போன்றவை பத்துப் பேருக்கும் நூறு பேருக்கும் ஏறக்குறைய ஒரே உழைப்பில் முடிபவை.

கேட்கும் வசதியை முதலில் செய்து தருவோம் என்பதை உயர்ந்த படியின் சலுகையாக எழுதுவதும் ஆபத்தானது. திருவிழாவில் ஒரு நாளின் மண்டகப்படிக்காரர் அன்றைய செலவை ஏற்கிறார். அதற்காகச் சுவாமி புறப்பாடு செல்லும் தெருவை அவர் மாற்றுவதில்லை. குறிப்பிட்ட ஒரு வசதி ஒரு நிறுவனத்துக்குத் தேவையென்றால், அதைத் தனி ஒப்பந்தமாக, தனி விலையில், முடியும் தேதியோடு எழுதிக்கொள்வதே இரு தரப்புக்கும் நேர்மையானது.

தொகையை நிர்ணயிப்பதில் எங்களுக்கிருந்த கூச்சமும் ஒரு தவறே. மாதம் ₹5,000 என்பதையே மிகையாக எண்ணி அதையே உச்சப் படியாக வைத்தோம். திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்து நண்பர் ஒருவர் சொன்னது கண்ணைத் திறந்தது: “மாசம் ஐயாயிரம்னா நான் பன்னிரண்டு தடவை அனுமதி வாங்கணும். வருஷத்துக்கு அறுபதாயிரம்னு ஒரு இன்வாய்ஸ் கொடுங்க, ஒரே தடவையில முடிஞ்சிரும்.” தனிமனிதர் சட்டைப்பையிலிருந்து தருகிறார், நிறுவனம் கணக்குப் பிரிவின் வழியாகத் தருகிறது. இரண்டுக்கும் ஒரே ஏணியை வைக்கக் கூடாது. மேலும், இந்திய அட்டைகளிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழியும் தொகைக்கு ரிசர்வ் வங்கியின் விதி உண்டு. ஓடிபி இல்லாமல் கழியக்கூடிய தொகையின் பொதுவான வரம்பு 2022 ஜூனில் ₹5,000-லிருந்து ₹15,000 ஆக உயர்த்தப்பட்டது, அதற்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவைப்படும். எனவே மாதம் ₹20,000 என்ற படியை அட்டைவழி எதிர்பார்த்து வைப்பது, மாதந்தோறும் மறக்கப்படுவதற்கான ஏற்பாடாகும்.

திறமூல நிரலாளர்களுக்கு உதவித்தொகை திரட்ட உதவும் கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் தளம் மாதப் படிகள் பத்து வரை வைத்துக்கொள்ள இடம் தருகிறது என்பதால் பத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. மூன்று நான்கே போதும். அங்கே வெளியிட்ட படியின் விலையை மாற்ற முடியாது, அந்தப் படியைப் புதிதாகச் சேர்வோருக்கு மூடிவிட்டு வேறொன்றைத் தொடங்கலாம். ஆயினும் பழைய படியில் இருப்பவர்கள் பழைய விலையிலேயே தொடர்வார்கள் என்பதால், அவசரத்தில் கொடுத்த வாக்குறுதி நெடுநாள் கூடவே வரும்.

பயன்படுத்துவோரின் எண்ணிக்கையை வைத்து வருவாயைக் கணக்கிடுவது இன்னொரு மயக்கம். 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற திறமூலக் குறியாக்க மென்பொருள் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடையாக ஏறத்தாழ 2,000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது என்பது உலகுக்குத் தெரிந்தது. பதிவிறக்கம் செய்பவர் வேறு, தருபவர் வேறு.

வரி விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது ஓர் ஆடிட்டர். நன்கொடையாளரின் பெயரை நன்றிக்காக மட்டும் பொறிப்பதையும், அவருடைய தொழிலை விளம்பரப்படுத்துவதையும் வேறுபடுத்தும் ஜிஎஸ்டி சுற்றறிக்கை ஒன்று 2019 அக்டோபரில் வந்தது. அது அறநிலையங்களுக்குத் தனிமனிதர் தரும் நன்கொடை பற்றியது. கோயில் கட்டடத்தில் எழுதும் உபயதாரர் பெயரும் அதன் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. எங்களைப் போன்றோருக்கு அது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், நிறுவனத்தின் சின்னத்தையும் இணைப்பையும் முகப்பில் வைப்பதாகச் சொல்லும் படி நன்கொடையன்று, விளம்பரச் சேவை என்று பார்க்கப்படலாம் என்ற எச்சரிக்கை அதிலிருந்து கிடைக்கிறது. திட்டத்தை அறக்கட்டளையாகப் பதிவு செய்துவிட்டு வெளிநாட்டு நன்கொடையை வாங்க நினைப்பவர்கள், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு தேவைப்படுமா என்பதை முதல் பணம் வருவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். பணம் வந்த பின் கேட்பது தாமதம்.

பராமரிப்பாளர் பலர் இருந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். நாங்கள் எழுதவில்லை, அதனால் ஒரு நண்பர் ஆறு மாதம் பேசாமல் இருந்தார், அதை இங்கே விரிக்க விருப்பமில்லை.

இப்போது எங்கள் படிகளுக்குச் செலவின் பெயரே பெயர்: சர்வர் வாடகை, ஓர் எழுத்துருவின் சோதனை, ஆண்டின் ஒரு வெளியீடு. நிறுவனங்களுக்கு மட்டும் இன்வாய்ஸுடன் ஆண்டுப் படி ஒன்று தனியே இருக்கிறது. அன்று தங்கப் படியைப் பற்றிக் கேட்ட அச்சக உரிமையாளர் சர்வர் வாடகையை எடுத்துக்கொண்டார்; நன்றிப் பட்டியலில் தம் பெயருக்குக் கீழே தந்தையாரின் நினைவாக என்று சேர்க்க வேண்டும் என்பதே அவர் கேட்ட ஒரே கைம்மாறு.