செகண்ட் ஹேண்ட் ஃபோர் பை ஃபோர் வாங்கியாச்சா, முதல்ல காத்தைக் கவனிங்க

போன வருஷம் ஒரு 2016 மாடல் மஹிந்திரா தார் வாங்கினேன், டீசல், ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. பெங்களூர் அல்சூர்ல எங்க சந்துக்குள்ள அதைத் திருப்பி நிறுத்துறதுக்குள்ளயே முதல் வாரம் சட்டை நனைஞ்சிரும், ஆனா வாங்கின மூணாவது நாளே நான் எங்க நின்னேன்னா ஜேசி ரோட்ல ஒரு அக்சஸரீஸ் கடை வாசல்ல. "சார் பம்பர் மாத்திரலாம், மேல ஒரு லைட் பார், சைடுல ஸ்நார்க்கல், லுக்கே வேற லெவல்"னு அவர் சொல்லச் சொல்ல நான் மண்டையை ஆட்டிட்டே இருந்தேன். ஸ்நார்க்கல் (எஞ்சினுக்குக் காத்தை மேல இருந்து இழுக்குற குழாய்) மட்டும் தப்பிச்சுது, அதுவும் பர்ஸ்ல காசு இல்லாததால. அந்தக் கூத்தை நீங்களும் பண்ணக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஆயில். எஞ்சின் ஆயில் எல்லாரும் மாத்துவாங்க, ஆனா கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பவரைப் பிரிக்குறது), முன்னாடி பின்னாடி டிஃபரன்ஷியல் (வளைவுல சக்கரங்களை வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்), இந்த நாலையும் பழைய ஓனர் தொட்டிருக்கவே மாட்டாரு. மெக்கானிக் கிட்ட கழட்டச் சொல்லி, வடியிற ஆயிலை நீங்களே கிட்ட நின்னு பாருங்க. என் வண்டில பின் டிஃபரன்ஷியல்ல இருந்து வந்தது பால் ஊத்தின காப்பி கலர்ல இருந்துச்சு, மெக்கானிக் பாய் விரல்ல தொட்டுப் பாத்துட்டு "தண்ணிக்குள்ள விட்டுருக்காங்க சார்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. ஆயில், சீல், பிரீதர் பைப் எல்லாம் சேத்து ஆன செலவு லைட் பாரை விட கம்மி. அப்படியே இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்திருங்க, வாங்கின 14 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும். வண்டில ஏதாவது மாத்தினா அதையும் கம்பெனிக்குச் சொல்லிருங்க, இல்லன்னா க்ளெய்ம் அப்போ இழுத்தடிப்பாங்க.

அடுத்து டயர். பட்டன் நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க, சைடுல நாலு நம்பர் இருக்கும், 2317னா 2017ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஆறு வருஷம் தாண்டியிருந்தா மாத்துற பட்ஜெட்டை இப்பவே ஒதுக்கி வைங்க. மாத்தும்போது ஆல் டெரெய்ன் போடுங்க, ஆனா கம்பெனி சைஸ்லயே போடுங்க, என் வண்டிக்கு 235/70 ஆர் 16. பெரிய டயர் போட்டா ஸ்பீடோமீட்டர் கம்மியா காட்டும், திருப்பும்போது உரசும், ஏற்கனவே ஏற்றத்துல திணறுற எஞ்சினுக்கு அது வேற சுமை. ஸ்டெப்னியும் அதே சைஸ்ல இருக்கான்னு பாத்துக்குங்க.

இப்போ காத்து விஷயத்துக்கு வரேன். தேன்கனிக்கோட்டை பக்கம் ஃப்ரெண்டோட தோட்டம், ராத்திரி மழை பேஞ்சு மண்ணு களி மாதிரி இருந்துச்சு. ஃபோர் பை ஃபோர் தானேன்னு தைரியமா விட்டேன், நடு வரப்புல போய் உக்காந்துருச்சு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க டயர் குழி தோண்டிக்கிட்டே உள்ள போகுது. பக்கத்துக் காட்டுல டிராக்டர் ஓட்டிட்டு இருந்த அண்ணன் இறங்கி வந்து, வண்டியைச் சுத்திப் பாத்து, டயரை ஒரு எத்து எத்திட்டு, "கல்லு மாதிரி காத்து வச்சிருக்க, பாதியைப் புடுங்கி விடு தம்பி"ன்னாரு. 32 பிஎஸ்ஐல இருந்தது. ஒரு குச்சியை வால்வுக்குள்ள வச்சு அமுக்கி அமுக்கி, உத்தேசமா பாதி இறக்கினேன், டயர் அடில பரோட்டா மாவு மாதிரி பரந்துச்சு. 4 எல்ல (ஃபோர் வீல் லோ, நாலு சக்கரமும் மெதுவா ஆனா பலமா இழுக்குறது) போட்டு ரெண்டாவது கியர்ல மெதுவா க்ளட்ச் விட்டேன், டிராக்டர் வேலையே இல்லாம வெளிய வந்துருச்சு. டயர் பரந்தா மண்ணுல படுற இடம் கூடும், பிடிமானம் கூடும், அவ்வளவுதான் சூட்சுமம்.

அதனால உங்க முதல் அக்சஸரி ஒரு ஏர் கம்ப்ரெஸர், ஒரு நல்ல ப்ரெஷர் கேஜ். சிகரெட் லைட்டர்ல சொருகுற குட்டி மெஷின் வேணாம், நாலு டயர் அடிக்கிறதுக்குள்ள ஃப்யூஸ் போகும், பேட்டரில க்ளிப் மாட்டுற டைப்பா வாங்குங்க, எஞ்சின் ஓடும்போது அடிங்க. சேறு, மணலுக்கு 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கலாம், கூரான கல்லு இருக்குற இடத்துல அவ்வளவு வேணாம், சைடு வால் கிழியும். காத்து இறக்கின டயரோட வேகமாப் போகாதீங்க, சட்டுனு திருப்பாதீங்க, தார் ரோடு ஏறுற முன்னாடி திரும்ப அடிச்சிருங்க.

ரெண்டாவது, இழுக்குற சாமான். சேஸிஸோட போல்ட் போட்ட கொக்கி முன்னாடியும் பின்னாடியும் இருக்கணும், லோடு ரேட்டிங் எழுதின ஷேக்கிள் (கயிறைக் கொக்கில மாட்டுற இரும்பு வளையம்) ரெண்டு (முக்கால் இஞ்ச்ல 4.75 டன்னுன்னு அதுலயே பொறிச்சிருக்கும்), நைலான் ரெக்கவரி ரோப் ஒண்ணு. டிரெய்லர் மாட்டுற குண்டுல கயிறு கட்டி இழுக்கவே கூடாது, அந்தக் குண்டு ஒடிஞ்சு தோட்டா மாதிரி பறக்கும், ஆளு காலி. இழுக்கும்போது கயிறு மேல ஒரு கனமான ஈர சாக்கைப் போட்டுட்டு எல்லாரும் தள்ளி நிக்கணும். கூட ஒரு மண்வெட்டி, ஜாக்கிக்கு அடில வைக்க ஒரு பலகை. வின்ச் (கயிறைச் சுருட்டி இழுக்குற மோட்டார்) எல்லாம் இப்போதைக்கு வேணாம்.

முன் கம்பி, அதாவது புல் பார், போட்டதை நானே கழட்டிட்டேன். புல் பார் போட்ட வண்டிங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பர்லயே மத்திய அரசு சொல்லியாச்சு, ஏர்பேக் உள்ள வண்டில அது சென்சாரையும் குழப்பும். லைட் பார் கதை இன்னும் கேவலம், கடைக்காரப் பையன் ரிலேவும் இல்லாம ஃப்யூஸும் இல்லாம ஹெட்லைட் வயர்ல சுத்தி டேப் ஒட்டிருக்கான், அத்திபெலே தாண்டும்போது கருகல் வாசனை. எக்ஸ்ட்ரா லைட் வேணும்னே இருந்தா பேட்டரில இருந்து தனி வயர், தனி ஃப்யூஸ், ரிலே. ஊருக்குள்ள போட்டுக்கிட்டு சுத்தாதீங்க, 2024ல இருந்து கண்ணு கூசுற லைட்டுக்கு கர்நாடகா போலீஸ் கேஸ் போடுறாங்க.

சரி, ஓட்டுற பயம். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு, ஊருக்கு வெளிய இன்னும் வீடு எழும்பாத லேஅவுட் ஏதாவது ஒண்ணுக்குப் போங்க. காலி வாட்டர் பாட்டிலை ரோட்ல வச்சு இடது முன் சக்கரத்தால நசுக்கப் பாருங்க. நான் பத்து தடவைல ஒண்ணுதான் நசுக்கினேன், மூணாவது வாரம் ஏழு. சக்கரம் எங்க இருக்குன்னு உடம்புக்குத் தெரிஞ்சாப் பாதி பயம் அங்கயே போயிடும். பெரிய கல்லு வந்தா அதை ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல விடத்தான் கை போகும், ஆனா இந்த மாதிரி வண்டில டிஃபரன்ஷியல் பானை மாதிரி கீழ தொங்குது, அது இடிக்கும், அதனால டயரைக் கல்லு மேலயே ஏத்துங்க. கட்டை விரலை ஸ்டீரிங் உள்ள கோத்துப் புடிக்காதீங்க, சக்கரம் பள்ளத்துல விழுந்தா ஸ்டீரிங் வெடுக்குனு திரும்பும்.

காஞ்ச தார் ரோட்ல 4 ஹெச் (ஃபோர் வீல் ஹை, சாதா வேகத்துல நாலு சக்கரமும் இழுக்குறது) போடாதீங்க. தார், ஜிப்ஸி, ஜிம்னி எதுலயும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும், ஓட முடியாம ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கும், லிவரும் இறுகிக்கும். அப்படி மாட்டினா நேரா கொஞ்ச தூரம் ரிவர்ஸ் போங்க, விட்டுரும். 4 எல் போடும்போது வண்டியை நிறுத்திட்டுப் போடுங்க. செங்குத்தான இறக்கத்துல 4 எல், ஃபர்ஸ்ட் கியர், க்ளட்ச்ல காலே வைக்காதீங்க, எஞ்சினே புடிச்சிக்கும். ஏறும்போது பாதில நின்னுட்டா பிரேக்கை அமுக்கி, ரிவர்ஸ் கியர் போட்டு நேரா பின்னாடியே இறங்குங்க, அங்க திருப்பப் பாத்தீங்கன்னா வண்டி கவுந்துரும். பன்னேர்கட்டா மாதிரி காட்டுக்குள்ள மட்டும் பழகப் போயிராதீங்க, வனத்துறை புடிச்சா வண்டியை மறக்க வேண்டியதுதான்.

தண்ணி. 2022 செப்டம்பர்ல அவுட்டர் ரிங் ரோடு மூழ்கினதைப் பாத்துட்டு நம்ம வண்டி இதுல போகும்னு தோணும். ஓடுற தண்ணில வேணவே வேணாம். நிக்கிற தண்ணின்னா உங்க ஏர் இன்டேக் (எஞ்சின் காத்து இழுக்குற வாய்) எந்த உயரத்துல இருக்குன்னு பானட்டைத் தூக்கி முதல்லயே பாத்து வைங்க, இறங்கிக் குச்சியால ஆழம் பாத்து, ஒரே நிதானமா போங்க. நடுவுல எஞ்சின் நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க, உள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளையும், எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

சேத்துல இருந்து வந்ததும் அடிப்பக்கம் கழுவிருங்க, முக்கியமா ரிம்முக்கு உள்பக்கம். அந்தத் தோட்டத்துல இருந்து திரும்பின அன்னிக்கு ஓசூர் ரோட்ல எண்பதைத் தொட்டதும் ஸ்டீரிங் நடுங்குச்சு, அக்ஸில் போச்சுன்னு பயந்து ரெண்டு தடவை அலைன்மெண்ட் பண்ணி காசு குடுத்தேன். மூணாவது தடவை பாய்தான் ரிம்முக்குள்ள கையை விட்டு, காஞ்சு போன களிமண்ணை ஒரு கட்டியா பேத்து எடுத்து என் கைல குடுத்தாரு.