ஆதித் திருச்சபை நகரங்களின் பழங்காசுகள்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எபேசு, சிமிர்னா, அந்தியோகியா என்று வேதாகமத்தில் படித்த ஊர்களின் காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்பது நல்ல ஆசை. அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. வெள்ளியை விட்டுவிட்டு அந்தந்த ஊரே அடித்த சின்ன வெண்கலக் காசுகளைத் தேடினால் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். ஆனால் தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளைப் புதியவர்கள் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. போலிகளைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், அதை விடுகிறேன்.

ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அலெக்சாந்தருக்குப் பின் வந்த அரசர்கள் தாய், தகப்பன், மனைவி பெயர்களையே ஊர்களுக்கு வைத்தார்கள். அதனால் ஒரே பெயரில் பல நகரங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் ‘குளிருமல்ல அனலுமல்ல’ என்று கண்டிக்கப்படும் லவோதிக்கேயா, இன்றைய துருக்கியின் தெனிஸ்லிக்கு அருகே லைகஸ் ஆற்றோரம் இருந்தது. சிரியாவின் கடற்கரையில் இன்னொரு லவோதிக்கேயா உண்டு, இன்றைய லத்தாக்கியா. வெளிப்படுத்தின விசேஷம் பேர் சொல்லும் ஏழு சபைகளில் இது இல்லை.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஏழு சபைகளின் காசுகளையும் ஒன்றொன்றாகச் சேர்த்துவந்தார். கடைசியாக லவோதிக்கேயாவுக்கு மற்றவற்றைவிடப் பல மடங்கு கொடுத்தார். ஒரு பக்கம் பேரரசர் டிராஜன். மறுபக்கம் கோட்டை மதிலைக் கிரீடமாக அணிந்த நகரத் தேவதை. சுற்றிலும் ‘ஜூலியர்களாகிய லவோதிக்கேயர்’ என்று கிரேக்கத்தில் இருந்தது. ஜூலியஸ் சீசரால் அந்தப் பட்டம் பெற்றது சிரிய ஊர். விற்றவரோ, “பெயர் சரியாகத்தானே இருக்கிறது?” என்று கைவிரித்துவிட்டார். தெரிந்தே ‘ஏழு சபைகளில் ஒன்று’ என்று சீட்டில் எழுதி விலையேற்றுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லைகஸ் ஊரின் காசில் கழுகைக் கையில் ஏந்தி நிற்கும் ஜீயஸ் அடிக்கடி வருவார். சிலவற்றில் ஓநாயும் காட்டுப்பன்றியும் இருக்கும். அவை லைகஸ், கப்ரஸ் என்ற இரண்டு ஆறுகளின் அடையாளம்.

பிலதெல்பியாவிலும் இதே சிக்கல். ஏழில் ஒன்றான சபை இருந்தது இன்றைய துருக்கியின் மேற்கிலுள்ள லிதியாவில். இன்னொன்று ஜோர்டானின் இன்றைய தலைநகர் அம்மான். அம்மான் காசுகளில் பெரும்பாலும் ‘கொய்லே சிரியா’ என்ற வட்டாரப் பெயர் சுருக்கமாகவாவது இருக்கும். அந்தியோகியாவும் இரண்டு உண்டு, இரண்டுமே அப்போஸ்தலர் நடபடிகளில் வருபவை. இலை வளையத்துக்குள் ‘எஸ்.சி.’ (SC) என்ற லத்தீன் எழுத்துகள் பெரிதாக இருந்தால், சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பேர் வழங்கிய சிரிய அந்தியோகியா. தோளுக்குப் பின் பிறை தெரிய நிற்கும் மேன் என்ற தெய்வமும் லத்தீன் எழுத்தும் இருந்தால், பவுல் ஜெப ஆலயத்தில் பிரசங்கித்த பிசீதியா அந்தியோகியா.

ரோம மாகாண நாணயப் பட்டியலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பணம் அனுப்புமுன் படத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிலிப்பி என்று நினைத்து பிலிப்பை வாங்குவது

குதிரைவீரனும் ‘ஃபிலிப்பூ’ என்ற எழுத்தும் இருந்தால் அது மாசிடோனிய அரசன் இரண்டாம் பிலிப்பின் காசு. பிலிப்பி ஊர் அடித்த காசில் ஹெர்குலிஸ் தலையும் முக்காலியும் ‘ஃபிலிப்போன்’ என்ற எழுத்தும் இருக்கும்.

காலத்தைக் கேட்காமல் விடுவது

எபேசுவின் தேனீயும் மானும் கொள்ளை அழகு. ஆனால் அவற்றில் பல, பவுல் அங்கே போவதற்குச் சில நூறு ஆண்டுகள் முன்பே அடித்தவை. இன்னொரு பக்கம், 4ஆம் நூற்றாண்டின் சின்ன வெண்கலங்களை ஒருவரும் மதிப்பதில்லை. டயோக்ளீஷியனின் துன்புறுத்தல் 303இல் தொடங்கிய நிக்கொமேதியாவின் காசு, கான்ஸ்டன்டைன் காலத்தது, மலிவாகவே கிடைக்கிறது. அடியில், காசு அடித்த ஊரைக் காட்டும் குறியாக ‘எஸ்எம்என்’ (SMN) இருக்கிறதா பாருங்கள். நடுவே ஓர் ‘ஏ’ சேர்ந்து ‘எஸ்எம்ஏஎன்’ (SMAN) ஆனால் அது அந்தியோகியா.

புளி, எலுமிச்சை

காசைத் துலக்க இவை வேண்டவே வேண்டாம். களிம்போடு எழுத்தும் போய்விடும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் மட்டும் அந்தக் காசை உடனே பிரித்து, ஈரமில்லாத டப்பாவில் தனியே வையுங்கள். குளோரைடு உள்ளிருந்து அரிக்கிறது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது வேகமாகும்.

இடிபாடுகளின் வாசலில் வாங்குவது

அநேகமாகப் போலி. அசலாக இருந்தால் இன்னும் மோசம்: 1983இல் வந்த 2863ஆம் எண் சட்டப்படி, தொல்பொருளைத் துருக்கியிலிருந்து வெளியே கொண்டுபோவது குற்றம். பழைய சேகரிப்பிலிருந்து வந்த காசு என்று காட்டும் ரசீதைக் கேட்டு வாங்கி, காசோடு சேர்த்தே வையுங்கள்.